பீடியும் முறுக்கும், சொட்டும் ஒரு குழாயும்

இன்று காலை கல்லூரிக்குள் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. அடுத்த நொடியே எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதே. உன் மேல்தான். செத்துப்போனவள் மேல் போய்க் கோபப்படலாமா என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேருக்கும் உன்னைத் தெரியாது.

கமிட்டி வருகிறது. நம் கல்லூரிக்குத் தரம் போட வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். வாசலிலிருந்து கேன்டீன் வரை பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு இழுத்தாகிவிட்டது. மரங்களுக்கெல்லாம் இடுப்புவரை சுண்ணாம்பு, அதற்கு மேல் ஒரு காவிப் பட்டை. ஆபீஸ் பக்கத்து வேப்பமரம் ஞாபகம் இருக்கிறதா? கமிட்டி வரும்போதெல்லாம் அதற்குப் புது வேட்டி கட்டுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாயே, அதற்கு இந்தத் தடவையும் கட்டியிருக்கிறார்கள்.

துறைக்குள் நுழைவதற்குள் செல்வி வந்து வழிமறித்தாள். நீ போன பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண், கூட்டிப் பெருக்குகிறவள். கையில் கம்பி பிரஷ், இன்னொரு கையில் ஆசிட் கேன்.

“மேடம், நம்ம பில்டிங் பின்னாடி சுவரெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்குதாம். சுரண்டிட்டு ஆசிட் ஊத்தச் சொல்லி பிரின்சிபால் சார் சொன்னாரு. அந்தக் குழாயவும் இன்னிக்கு எப்படியும் சரி பண்ணிடணுமாம்.”

“நீ தொடாதே. நான் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“குழாய் இப்ப சொட்டல மேடம். மேல் டேங்க் கழுவுறாங்கல்ல, நாலஞ்சு நாளா சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாம் காஞ்சு போயிக் கெடக்கு.”

காய்ந்து கிடக்கிறது என்றால் இன்று தெரிந்துவிடும். இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தது இன்று தெரிந்துவிடும்.

போய்ப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நீ என்னை எத்தனை வெயிலில் எத்தனை வாய்க்கால் கரையில் காக்கவைத்திருக்கிறாய். ஒரு கடிதம் முழுக்க நீ காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உனக்கு எதிலும் அவசரம் கிடையாது. அதுதான் உன்னிடம் எனக்கு முதலில் எரிச்சலூட்டிய விஷயம். ஒரே வருஷத்தில் தாவரவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மேஜை. டீ வந்தால் நான் குடித்து முடித்து தம்ளரைக் கழுவியும் வைத்திருப்பேன். உன் டீயில் ஆடை படிந்திருக்கும். நீ கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. உன் அத்தாவுக்கு அங்கே ஹார்டுவேர் கடை. சிமென்ட் மூட்டைக்கும் சுண்ணாம்பு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து பாடம் படித்தவள் என்பதால், எந்தச் சுவரையும் தடவிப் பார்த்தே “இது சிமென்ட்டு, இது பழைய காரை” என்று சொல்லிவிடுவாய். நான் பூதலூருக்கு அந்தப் பக்கம். நிலம் இருந்த குடும்பம், நிலத்தை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் சென்னை, அமெரிக்கா என்று போய்விட, வயல்காட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுபோனவள் நான் ஒருத்திதான்.

அந்த வயல்காட்டில்தான் நீ முறுக்கைக் கண்டுபிடித்தாய்.

ஒரு விடுமுறையில் உன்னை ஊருக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் கோயிலைப் பார்ப்பார்கள், குளத்தைப் பார்ப்பார்கள். நீ வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொண்டு நின்றாய். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய மதகு. சித்திரை மாத வெயில், வாய்க்காலில் தண்ணீர் இல்லை. சுவர் முழுக்கக் கருத்துக் காய்ந்த பாசி. நீ முட்டி போட்டு உட்கார்ந்து லென்ஸைக் கண்ணில் வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, வாடி என்று நான் கத்துகிறேன். “இருடி. இது வேற” என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நம் வாழ்க்கையில் எத்தனை வருஷம் இந்த “இது வேற”வுக்கே போயிற்று.

முதலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊர்களில் சுவர், மதில், கிணற்றுக்கட்டு, பாத்ரூம் ஓரம் என்று எங்கே பார்த்தாலும் இருக்கிற பாசியைப் போலத்தான் அதுவும் இருந்தது. இரண்டும் ஓர் அரிசி உயரம். நனைந்தால் இரண்டும் இலையை விரித்துப் பச்சை நட்சத்திரமாக நிற்கும். நனைந்த நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. காய்ந்தால்தான் குணம் தெரியும். ஊரெல்லாம் இருக்கிறதே, அது காயும்போது இலையின் இரண்டு விளிம்பும் உள்பக்கமாகச் சுருண்டு சின்னப் பீடி மாதிரி ஆகிவிடும். மதகில் இருந்தது அப்படிச் சுருளவில்லை. இலை மொத்தமும் தண்டைச் சுற்றிப் பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்டது. பீடி, முறுக்கு என்று பேர் வைத்தது நீதான். லத்தீன் பேரெல்லாம் உறுதியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாய். ஸ்டாஃப் ரூமில் “முறுக்கு எப்படி இருக்கு, இந்த வாரம் போகலாமா” என்று நாம் பேசுவதைக் கேட்டுவிட்டு, கணக்குத்துறை மேடம் தீபாவளிக்கு இரண்டு கிலோ ஆர்டர் கொடுக்க வந்தாரே!

“காயட்டும்டி, அப்பத்தான் தெரியும்.” பாசியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்ததை நீ எல்லாவற்றுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். புதுப் பிரின்சிபால் நல்லவரா என்று கேட்டால் காயட்டும். என் நாத்தனார் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் காயட்டும். உன்னோடு சண்டை போட்டுவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், இரண்டு நாள் கழித்து மேஜைக்கு வந்து “காஞ்சாச்சா?” என்பாய். சிரிக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் வித்தியாசம் அதோடு நிற்கவில்லை. பீடிக்கு இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது. சிமென்ட்டா, செங்கல்லா, களிமண்ணா, சாக்கடைக் கரையா, எங்கே விட்டாலும் குடும்பம் நடத்தும். தன் உடம்பிலிருந்தே துகள் துகளாகக் குட்டிகளை உதிர்க்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் குட்டி அடுத்த சுவருக்குப் போய்விடும். முறுக்குக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதற்குப் பழைய சுண்ணாம்புக் காரைதான் வேண்டும். பாதி வருஷம் தண்ணீர், பாதி வருஷம் வெயில் வேண்டும். குட்டி போடத் தெரியாது. ஒரு காம்பு எழும்பி அதன் உச்சியில் வித்துப்பை வந்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. அந்த வித்துப்பையை நாம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வித்துப்பையைப் பார்க்காமல் பெரியவர்கள் யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். பையின் வாயில் இருக்கிற பல் வரிசையைப் பார்க்க வேண்டுமாம். நீ அனுப்பிய படங்களுக்கெல்லாம் “மிகவும் சுவாரசியமானது, வித்துப்பையுடன் அனுப்பவும்” என்று பதில் வரும். பேர் இல்லாவிட்டால் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். பட்டியலில் இல்லாவிட்டால் அதைக் காப்பாற்றச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. காப்பாற்றாவிட்டால் வித்துப்பை எங்கிருந்து வரும்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப்போயிருக்கிறது.

இதில் என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? பீடிக்குப் பேர் இருந்தது. அதன் பாதுகாப்பு நிலை என்ன என்று தேடினோம். “மதிப்பிடப்படவில்லை” என்று இருந்தது. சிரித்துக்கொண்டே முறுக்குக்கும் அதே கட்டத்தில் அதே வார்த்தையை நீ எழுதினாய். ஊரில் இருக்கிற கக்கூஸ் சுவர் அத்தனையிலும் இருக்கிறதும், நாம் தேடியவரை ஒரே ஒரு மதகில் மட்டும் இருக்கிறதும், காகிதத்தில் ஒரே நிலை! புலி என்றால் ஓடி வருவார்கள். யானை என்றால் பாதை விடுவார்கள். பாசி என்றால் பிரஷ் எடுத்துக்கொண்டு வருவார்கள். இது என்ன நியாயம் என்று உன்னிடம் கத்தினால், நீ உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பாய்.

தேடாமலா இருந்தோம்? காவிரிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பழைய காரைச் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போனோம். திருப்பனந்தாளில் ஒரு குளத்துச் சுவரில் நீ குப்புறப் படுத்துக்கொண்டு லென்ஸைப் பிடித்திருந்தாய், நான் அளவு நாடாவோடு நின்றேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார்.

“எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க? புறம்போக்கு அளக்கவா? இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து பட்டா உள்ள எடம், சொல்லிட்டேன்.”

“இல்லீங்க, பாசி பார்க்க வந்திருக்கோம்” என்றேன்.

“பாசியப் பார்க்க அளவு டேப் எதுக்குங்க?”

அவரை நம்பவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவரே மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நாளைக்குப் பின்ன தாசில்தார் வந்து நின்னா நீங்கதான் பொறுப்பு” என்று சொல்லி அனுப்பினார். அங்கேயும் பீடிதான். எங்கே போனாலும் பீடிதான். எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பாவம், அது என்ன பண்ணும் என்பாய் நீ.

அப்புறம் அந்த நாள். எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

நீ எழுதி எழுதி, கடைசியில் வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி மதகை நேரில் பார்க்கச் சம்மதித்தார். இடத்தைப் பார்த்துவிட்டால் மதகைச் சுற்றி வேலை எதுவும் செய்யாமல் நிறுத்திவைக்கச் சொல்லி எழுத முடியும் என்றார். நீ அன்றைக்குப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாய். நான் கேலி பண்ணினேன், முறுக்குக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்களா என்று. அவருடைய காரிலேயே போனோம். ஆபீஸ் வழக்கப்படி, இன்ன தேதியில் மதகைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்று ஊருக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அதில் தப்பு இல்லை. யாரும் அன்றைக்குத் தப்பு செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வரப்பு முனை திரும்பியதும் தெரிந்தது. காய்ந்து கிடந்த வயல்களுக்கு நடுவில் மதகு பளீரென்று வெள்ளை வெளேரென்று நின்றது. வெயிலில் கண் கூசியது. பக்கத்தில் துணிப்பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், இளநீர்க் குலை. பாதை ஓரமெல்லாம் ப்ளீச்சிங் பவுடர்க் கோடு. பாசன விவசாயிகள் சங்கத் தலைவர், எனக்குச் சித்தப்பா முறை, பொன்னாடையோடு ஓடி வந்தார்.

“பாப்பா, பார்த்தியா நம்ம மதகை! ஒரே பாசியா, பார்க்கவே அசிங்கமாக் கெடந்துது. ஆபீசர் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் ஆளு விட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சிட்டோம். இப்ப எப்படி இருக்கு?”

அதிகாரி நல்ல மனிதர்தான். சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, மெதுவான குரலில், “நீங்க சொன்ன பாசி எங்கே இருக்கு மேடம்?” என்று கேட்டார். பிறகு அவர் எழுதிய அறிக்கையிலும் பொய் இல்லை. ஆய்வின்போது குறிப்பிட்ட தாவரம் காணப்படவில்லை என்று எழுதினார். காணப்படவில்லைதான்.

நான் சித்தப்பாவைக் கிழித்திருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். நீ என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அவரிடம் சொன்னாய்: “ரொம்ப நல்லா இருக்குங்க. இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்க.” அவர் முகமெல்லாம் பல். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நீ வாங்கி முழுக்கக் குடித்தாய். எப்படிடி குடிக்க முடிந்தது? நான் அன்றைக்கே கேட்டேன். அவர் நம்மை அவமதிக்கவில்லை, நம்மைக் கௌரவித்திருக்கிறார் என்பது எனக்கும் புரிந்தது. புரிந்தால் ஆத்திரம் அடங்கிவிடுமா என்ன?

பிறகு முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, தண்ணீரே இல்லாத வாய்க்காலுக்குள் நீ இறங்கினாய். மதகின் அடிவாரத்தில், பிரஷ் எட்டாத இடத்தில், எப்போதோ பெயர்ந்து விழுந்த ஒரு செங்கல் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் காரையும் காரையின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பாசியும் ஒட்டிக்கொண்டிருந்தன. சுரண்டியபோது தெறித்த சுண்ணாம்பும் தூசியும் மேலே படிந்து, அது எந்தப் பாசி என்று லென்ஸில்கூடத் தெரியவில்லை. துப்பட்டாவில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மேலே வந்தாய்.

“பழைய செங்கல் எதுக்கும்மா?” என்று சித்தப்பா கேட்டார்.

“வாஸ்துக்குங்க” என்றாய் நீ, கண் இமைக்காமல்.

“அட, அப்ப ஜோடியா எடுத்துக்கங்க. ஒத்தையா எடுக்கக் கூடாதுல்ல.”

“எங்க ஆளுங்களுக்கு ஒண்ணு போதும்ங்க” என்றாய். அந்த எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தஞ்சாவூர் வரும்வரை அந்தச் செங்கல் உன் மடியில்தான் இருந்தது.

அதைக் கொண்டுபோய் நம் துறைக்குப் பின்னால், யாரும் போகாத சுவர் ஓரத்தில், வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு அடியில் வைத்தாய். ஒரு வாரத்தில் தூசி கழுவிப் போய்ப் பச்சை விரிந்தது. ஆனால் பீடியா முறுக்கா? நனைந்திருக்கும்போது எப்படித் தெரியும்? குழாயை இரண்டு நாள் மூடு, காயட்டும், பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். உன் வசனத்தை உன்னிடமே சொன்னேன். நீ மாட்டேன் என்றாய்.

“அடிபட்டு வந்திருக்குடி. இப்பக் காயப்போட்டா செத்துரும். என்னன்னு தெரியாமப் போனாப் பரவால்ல, உயிரோட இருக்கட்டும்.”

இதற்காக நாம் போட்ட சண்டையில் துறையே இரண்டு நாள் அமைதியாக இருந்தது. “காஞ்சாச்சா?” என்று நீ வந்து கேட்டபோதும் நான் காயவில்லை.

அந்த வருஷம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது உனக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லி கொடுத்தால் போய்விடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதற்கும் நீ அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பாசிக்கு ஓடிய ஓட்டத்தில் பாதி உனக்காக ஓடியிருக்கக் கூடாதா? நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவேன், உன் அம்மா உன் தலையைத் தூக்கிப் பிடிப்பார்கள். கடைசியாக நீ என்னிடம் தெளிவாகப் பேசிய பேச்சு என்ன? நீ நல்லாயிரு என்றா? அம்மாவைப் பார்த்துக்கோ என்றா? இல்லை.

“குழாய் சொட்டுதா?”

“சொட்டுது. நீ முதல்ல கஞ்சியைக் குடி.”

அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்கு நான் காவல்காரி ஆனேன். என்னென்ன பேச்சுக் கேட்டேன் தெரியுமா? பிளம்பர் வாஷரோடு வரும்போதெல்லாம் நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்புவேன். மாணவர்கள் தண்ணீர் சேமிப்பு மன்றம் என்று ஒன்று தொடங்கி, முதல் போஸ்டரை அந்தக் குழாய்க்கு மேலேதான் ஒட்டினார்கள். “நீங்களே தண்ணியை வேஸ்ட் பண்ணலாமா மேடம்?” என்று பிரின்சிபால் கூட்டத்தில் கேட்டார். ஓர் ஆய்வு நடக்குது சார் என்றேன். என்ன ஆய்வு, எப்ப முடியும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? இந்தம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

மதகுக்கும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மழையில் சுண்ணாம்பு உரிந்த இடத்திலெல்லாம் முதலில் வந்து உட்கார்ந்தது பீடி. முறுக்கு வரவில்லை. பிறகு அந்த மதகையே இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டினார்கள். தண்ணீர் இப்போது நன்றாகப் பாய்கிறது, சித்தப்பாவுக்குச் சந்தோஷம். விவசாயிக்குத் தண்ணீர் பாய வேண்டாமா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? புதுக் கான்கிரீட்டிலும் பீடி வந்துவிட்டது. ஆக, முறுக்கு என்று உலகத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால், எனக்குத் தெரிந்து அது அந்தச் செங்கல்லில் இருந்தால்தான் உண்டு.

குழாயை இரண்டு நாள் மூடியிருந்தால் எனக்கு என்றைக்கோ தெரிந்திருக்கும். மூடவில்லை. பயம். காய்ந்த பிறகு பார்த்து, எல்லாம் பீடி என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? நீ மடியில் வைத்துக்கொண்டு வந்தது வெறும் பீடி என்றால்? அந்தப் பயத்தில் இந்த வருஷம் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பிளம்பரைத் துறை வாசலிலேயே திருப்பி அனுப்பியதோடு சரி.

சரி, இன்று காலைக்கு வருகிறேன்.

பின்பக்கம் போனேன். குழாயின் வாய் காய்ந்திருந்தது. செங்கல் மேல் கறுப்பாக, கருகினாற்போல் பாசி. உன் லென்ஸ் என் கைப்பையில்தான் எப்போதும் இருக்கும், எடுத்தேன். முட்டி வலிக்க உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? பீடி. நட்டநடுவில், குழாய்த் தண்ணீர் நேராக விழுகிற இடத்தில், வரிசை வரிசையாகச் சுருண்டுகொண்டு பீடி. போச்சுடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதற்கா அத்தனை பேச்சுக் கேட்டேன்? உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன், செல்வி எட்டிப் பார்த்தாள்.

பிறகு ஓரத்தைப் பார்த்தேன். தண்ணீர் நேராக விழாமல் தெறிப்பு மட்டும் படுகிற காரை விளிம்பு. அங்கே இருந்தவை சுருளவில்லை. முறுக்கியிருந்தன. ஒரு சின்னக் கொத்து, பொட்டு அகலம்தான் இருக்கும், பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்டு நின்றது. அந்தக் கொத்தின் நடுவில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் காம்பு. உச்சியில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு வித்துப்பை.

ஏண்டி! நீ இருந்தபோது வந்திருக்கக் கூடாதா அது? எத்தனை சித்திரை வெயிலில் அதற்காக மண்டை காய்ந்தோம்!

“குழாய் இந்த வருசம் பூரா இப்படித்தான் மேடம்” என்றாள் செல்வி, பின்னால் நின்றுகொண்டு. “மோட்டார் ரிப்பேராயிக்கிட்டே இருக்குல்ல. கொஞ்ச நாள் சொட்டும், கொஞ்ச நாள் காஞ்சு கெடக்கும்.”

நெல்லுக்கு நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவார்கள். முறுக்கும் வாய்க்கால் ஓரத்துப் பிள்ளைதானே, அதற்கும் அதுதானே வேண்டும்? பாதி வருஷம் வெயில் வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னவளே நீதான். அப்புறம் அதைக் கொண்டுபோய் நிற்காமல் சொட்டுகிற குழாய்க்கு அடியில் வைத்தவளும் நீதான். போகிற போக்கில் குழாய் சொட்டுதா என்று கேட்டுவைத்தாய். அந்த ஒரு கேள்விக்காக நான் அதை இத்தனை வருஷம் காயவிடாமல் காத்தேன். காயட்டும் காயட்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னாயே, அந்த ஒன்றை மட்டும் உனக்குக் காயவிட மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை. நம் இரண்டு பேரையும் மீறி, ரிப்பேரான ஒரு மோட்டார் செய்திருக்கிறது அந்த வேலையை.

வித்துப்பையை எடுக்கவில்லை. எடுத்து அனுப்பினால் பேர் கிடைக்கும். பேர் கிடைத்தால் மதிப்பிடுவார்கள். அதற்கு யாராவது நேரில் பார்க்க வர வேண்டும். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் பிரின்சிபால் அந்தச் சுவரை எப்படி வைத்திருப்பார் என்று உனக்கே தெரியும். தவிரவும் அங்கே இருந்தது ஒன்றுதான். “ஒத்தையா இருந்தாத் தொடாதே” என்பாய் நீ. தொடவில்லை. எனவே காகிதத்தில் அதன் நிலை இன்றைக்கும் மதிப்பிடப்படவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

லேபில் உடைந்து கிடந்த பெஞ்சுகளையும் துருப்பிடித்த பீரோவையும் கொண்டுவந்து அந்தச் சுவரை மறைத்து அடுக்கச் சொன்னேன், செங்கல்லுக்கு வெயில் விழ மட்டும் இடம் விட்டு. செல்வி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுக்கினாள். பிரின்சிபால் வந்து பார்த்தார். ஆசிட் செலவு மிச்சம் என்று அவருக்கு மகிழ்ச்சி. “நல்ல ஐடியா மேடம், கமிட்டி இந்தப் பக்கம் வரவே மாட்டாங்க” என்றார். பிளம்பரைக் கூப்பிட்டு வாஷர் போடச் சொன்னேன். அந்த மனிதர் என்னை நம்பவே இல்லை. “நெசமாத்தான் சொல்றீங்களா மேடம்?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பையைத் திறந்தார்.

இப்போது குழாய் சொட்டவில்லை. சொட்டுது என்று உனக்குச் சொன்னதை மீறிவிட்டேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். வேறு யாரும் திறந்துவிடக் கூடாது என்று குழாயின் கைப்பிடியைக் கழற்றி என் கைப்பையில் போட்டிருக்கிறேன். உன் லென்ஸோடு சேர்ந்து நடக்கும்போதெல்லாம் கடகட என்கிறது. மேட்டூர் திறக்கிற அன்று நானும் திறப்பேன்.